எதிர் 48 வோல்ட்: தொலைத்தொடர்பு மின்வழங்கலில் முனைமையும் தரையிணைப்பும்

தொலைபேசி இணைப்பகங்களிலும் செல்பேசிக் கோபுரங்களிலும் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை 48 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டத்தில் இயங்குகின்றன. இந்த மின்வழங்கலில் நேர்முனை தரையோடு இணைக்கப்பட்டிருக்கும். கருவிக்கு மின்னழுத்தத்தைக் கொண்டுவருவது எதிர்முனைக் கம்பி. அதனால் இது 'எதிர் 48 வோல்ட்' அல்லது 'மைனஸ் 48' என்று அழைக்கப்படுகிறது. கார், பேருந்து, லாரி ஆகியவற்றில் நிலைமை தலைகீழானது. அவற்றில் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். நேர்முனைக் கம்பியே விளக்குக்கும் ஒலிப்பானுக்கும் செல்லும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த இரு மரபுகளும் சில கிலோமீட்டர் இடைவெளிக்குள் அருகருகே வாழ்கின்றன. பாடியில் வாகன மின்கருவிகள் உற்பத்தியாகின்றன. ஆவடியில் பீரங்கி வண்டிகள் உருவாகின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களின் தொலைபேசி இணைப்பகங்களும் எண்ணற்ற செல்பேசிக் கோபுரங்களும் மற்ற மரபைப் பின்பற்றுகின்றன. ஒரே 'எர்த்' என்ற சொல்லை இரு தரப்பினரும் இரு முனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். இந்த வேறுபாடு எப்படித் தோன்றியது, ஏன் இன்னும் மாறாமல் இருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்களும் அடிப்படையும்

தமிழில் இத்துறையைப் படிக்கும் மாணவருக்கு முதலில் ஒரு சொற்குழப்பம் நேரும். டி.சி. என்பதை 'நேர்த்திசை மின்னோட்டம்' என்கிறோம். பாசிட்டிவ் என்பதை 'நேர்முனை' என்கிறோம். முதல் சொல்லில் உள்ள 'நேர்' திசை மாறாமல் ஓடுவதைக் குறிக்கிறது. இரண்டாவது சொல்லில் உள்ள 'நேர்' மின்னூட்டத்தின் குறியைக் காட்டுகிறது. இரண்டையும் ஒன்றாக்கிக் கொள்ளக் கூடாது.

ஒரு மின்சுற்றில் எந்த முனை எந்தக் கம்பியில் இருக்கிறது என்ற ஒழுங்கே முனைமை. தொழிலாளர் வழக்கில் இது 'போலாரிட்டி'. மின்னழுத்தம் என்பது எப்போதும் இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. எந்தப் புள்ளியைச் சுழியம் என்று வைத்துக்கொள்கிறோம் என்பது நம் தேர்வு. 48 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைத் தரையோடு இணைத்தால் மறுமுனை +48 ஆகும். நேர்முனையை இணைத்தால் மறுமுனை −48 ஆகும். பேட்டரி இரண்டிலும் ஒன்றே. தரும் ஆற்றலும் ஒன்றே. ஒரு விளக்கு எரிவதற்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. ஆனால் கம்பி ஈரமண்ணில் பல கிலோமீட்டர் ஓடும்போது இந்தத் தேர்வு அதன் ஆயுளையே தீர்மானிக்கிறது.

தந்தி: மண்ணே கம்பியான காலம்

மின்சுற்று முழுமையடைய, போக ஒரு கம்பியும் வர ஒரு கம்பியும் தேவை. 1838ஆம் ஆண்டில் செருமானிய அறிவியலாளர் கார்ல் ஆகஸ்ட் ஸ்டெயின்ஹைல், திரும்பும் கம்பிக்குப் பதிலாக நிலத்தையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். இரு முனைகளிலும் உலோகத் தகடுகளை ஈரமண்ணில் புதைத்தால் போதும். கம்பிச் செலவு பாதியாகக் குறைந்தது. 'எர்த்' என்ற சொல் மின்னியலில் நுழைந்தது பாதுகாப்புக்காக அன்று. செலவைக் குறைக்கும் வழியாகவே அது வந்தது.

இந்தியாவில் தந்தியை நிறுவியவர் மருத்துவரும் வேதியியலாளருமான வில்லியம் ஓஷாக்னசி. அவர் 1839இல் கல்கத்தாவில் சோதனைகள் நடத்தினார். 1850களின் முதல் பாதியில் கல்கத்தாவையும் ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களையும் இணைக்கும் தடங்கள் அமைக்கப்பட்டன. 1855இல் தந்தி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காடு நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில்பாதை திறக்கப்பட்டது. அம்பத்தூரும் ஆவடியும் அந்தப் பாதையில் அமைந்தவை.

காற்றில் தொங்கும் கம்பிக்கு முனைமை பெரிய சிக்கலாக இல்லை. நீருக்கும் மண்ணுக்கும் அடியில் போட்ட வடங்களில்தான் அது வெளிப்பட்டது. வடத்தின் காப்புறையில் சிறு பிளவு ஏற்பட்டால் அங்கே செம்பு நீரைத் தொடும். கம்பியில் நேர் மின்னழுத்தம் இருந்தால் அந்த இடத்தில் செம்பு கரைந்து, இறுதியில் அறுந்துவிடும். எதிர் மின்னழுத்தம் இருந்தால் செம்பு கரைவதில்லை. பழுதடைந்த வடங்களை ஓட்டிச் சமாளித்த தந்திக்காரர்கள் இந்த வேறுபாட்டைத் தம் பணியனுபவத்திலேயே அறிந்திருந்தார்கள்.

நேர்முனை ஏன் தரைக்குப் போனது?

இதற்கான அறிவியல் விளக்கம் தந்திக்கும் முந்தையது. 1824இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செம்புத் தகட்டோடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்துச் செம்பு அரிக்கப்படாமல் காத்தார். அவருடைய மாணவரான மைக்கேல் பாரடே 1830களில் மின்னாற்பகுப்பு விதிகளை வகுத்தார். கரையும் உலோகத்தின் அளவு, பாய்ந்த மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவற்றில் முதல் விதி.

அந்த விதியைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். உலோகத்திலிருந்து ஈரமண்ணுக்கு 1 ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுவதும் வெளியேறினால், இரும்பு ஏறத்தாழ 9 கிலோகிராமும், செம்பு 10 கிலோகிராமும், ஈயம் 34 கிலோகிராமும் கரைந்துபோகும். தொலைபேசிக் கம்பியில் கசியும் மின்னோட்டம் இதைவிட மிகச் சிறியது. ஆனால் கம்பியும் மெல்லியது. 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக்கம்பியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தின் எடை சுமார் 17.6 மில்லிகிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆம்பியர், அதாவது 1 மில்லிஆம்பியர், அந்த ஒரே இடத்தில் வெளியேறினால் மணிக்கு ஏறத்தாழ 1.2 மில்லிகிராம் செம்பு கரையும். 15 மணி நேரத்தில் அந்த ஒரு சென்டிமீட்டர் காணாமல் போய்விடும். மாலையில் பேசிய தொலைபேசி மறுநாள் காலையில் ஊமையாவதற்கு இவ்வளவு சிறிய கசிவே போதும்.

கம்பியை எதிர் மின்னழுத்தத்தில் வைத்தால் மின்னோட்டம் மண்ணிலிருந்து கம்பிக்குள் நுழையும். கம்பி எதிர்மின்வாய் ஆகிவிடுவதால் கரையாது. அப்படியானால் கரைவது எது? இணைப்பகத்தில் தரையோடு இணைத்த நேர்முனையின் மின்வாய். அது தடித்த தகடாகவோ குழாயாகவோ இருக்கும், இருக்குமிடம் தெரியும், தேய்ந்தால் மாற்றிவிடலாம். ஊர் முழுவதும் புதைந்த ஆயிரக்கணக்கான மெல்லிய கம்பிகளில் நேரக்கூடிய அழிவை, கைக்கு எட்டும் ஓரிடத்துக்கு மாற்றிவிடுவதே இந்த ஏற்பாட்டின் சாரம். ஏரிகளும் களிமண்ணும் நிறைந்த அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி போன்ற பகுதிகளில், மழைக்காலத்தில் வடக்குழிகளில் நீர் தேங்கி நிற்கும் இடங்களில், இதன் பயன் எளிதில் விளங்கும்.

48 என்ற எண்

1882ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் ஓரியண்டல் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகங்கள் தொடங்கப்பட்டன. அக்காலத் தொலைபேசிகளில் ஒவ்வொரு சந்தாதாரர் வீட்டிலும் தனி மின்கலம் இருந்தது. பெரும்பாலும் அது 1866இல் லெக்லாஞ்சே உருவாக்கிய வகை. மின்கலம் தீர்ந்தால் ஆள் போய் மாற்ற வேண்டும். 1890களில் அமெரிக்காவில் 'பொது மின்கல முறை' நடைமுறைக்கு வந்தது. இணைப்பகத்தில் ஒரு பெரிய பேட்டரி இருக்கும். அதிலிருந்து, பேச்சு செல்லும் அதே இரு கம்பிகள் வழியாக, எல்லாத் தொலைபேசிகளுக்கும் மின்சாரம் போகும். வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் தொலைபேசி வேலை செய்ததற்கு இதுவே காரணம்.

அந்தப் பேட்டரிகள் 1859இல் காஸ்டன் பிளான்டே கண்டறிந்த ஈய அமில வகையைச் சேர்ந்தவை. ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 2 வோல்ட். 24 கலங்களைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட். எப்போதும் முழு மின்னேற்றத்தில் வைத்திருக்க ஒரு கலத்துக்குச் சுமார் 2.25 வோல்ட் கொடுப்பார்கள்; மொத்தம் 54 வோல்ட். கலம் 1.8 வோல்ட் வரை இறங்கியதும் சுமையைத் துண்டிப்பார்கள், மொத்தம் 43.2 வோல்ட். எனவே '48 வோல்ட்' கருவி என்பது உண்மையில் ஏறத்தாழ 43 முதல் 54 வோல்ட் வரை தாங்கி இயங்க வேண்டிய கருவி. பிரித்தானிய மரபைப் பின்பற்றிய இடங்களில் 50 வோல்ட் என்ற பெயர் வழங்கியது.

ஏன் 24 அல்லது 100 என்று வைக்கவில்லை? பழைய கரித்துகள் ஒலிவாங்கிக்கு ஏறத்தாழ 20 மில்லிஆம்பியராவது வேண்டும். இணைப்பகத்தின் மின்னூட்டச் சுருள்கள் 400 ஓம், தொலைபேசி 200 ஓம், போய்வரும் கம்பி 1,000 ஓம் என்று கொண்டால் மொத்தம் 1,600 ஓம். 48 வோல்ட்டில் 30 மில்லிஆம்பியர் பாயும்; 24 வோல்ட்டில் 15 மட்டுமே. 0.5 மில்லிமீட்டர் கம்பியில் 1,000 ஓம் என்பது சுமார் 5.7 கிலோமீட்டர் தொலைவு. ஆகவே நகரின் ஒரு பகுதி முழுவதற்கும் ஓர் இணைப்பகம் சேவை தர 48 வோல்ட் பொருத்தமாக இருந்தது. நேர்த்திசை மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்குக் கீழே உள்ள அழுத்தம் சாதாரணச் சூழலில் தொட்டால் ஆபத்து குறைந்தது என்று இன்றைய பாதுகாப்பு விதிகளும் கொள்கின்றன. மின்னேற்றத்தின்போது வரும் 54 வோல்ட்டும் அந்த வரம்புக்குள் அடங்குகிறது.

1943இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களின் தொலைபேசி அமைப்புகளை அரசு ஏற்றது. 1948இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிலகம் தானியங்கி இணைப்பகக் கருவிகளைத் தயாரித்தது. ஸ்ட்ரோஜர், கிராஸ்பார், மின்னணு இணைப்பகம் என்று தலைமுறைகள் மாறின. 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், குளிரூட்டும் வசதி இல்லாமலே இயங்கும் சிறு ஊரக இணைப்பகத்தை வடிவமைத்தது. கருவிகள் எல்லாம் மாறின. பேட்டரி அறையும், தரையோடு இணைந்த நேர்முனையும் மாறவில்லை.

தண்டவாளங்களும் தொலைபேசி வடங்களும்

மண்ணை மின்சாரப் பாதையாகப் பயன்படுத்தியது தொலைபேசி மட்டுமன்று. 1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953 வரை ஓடியது. 1931இல் கடற்கரை – தாம்பரம் பாதை 1,500 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்துக்கு மாறியது. இவ்வகை அமைப்புகளில் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத் திரும்பும். அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, அருகில் புதைந்த நீர்க்குழாயிலோ தொலைபேசி வடத்தின் ஈய உறையிலோ ஏறி, மின் நிலையத்துக்கு அருகில் மீண்டும் மண்ணுக்கு இறங்கும். ஏறும் இடத்தில் தீங்கில்லை. இறங்கும் இடத்தில் உலோகம் கரையும். உலகின் பல டிராம் நகரங்களில் 1890களிலிருந்தே இது பெரும் வழக்குகளுக்கும் ஆய்வுகளுக்கும் காரணமாயிற்று. ஈய உறையைத் தடித்த கம்பியால் திரும்புபாதையோடு நேரடியாக இணைத்து, மின்னோட்டம் மண் வழியாக இறங்காமல் செய்வது ஒரு தீர்வு.

தாம்பரம் பாதை 1967இல் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் மேற்குப் பாதை 1970களின் பிற்பகுதியில் மின்மயமானபோது தொடக்கத்திலிருந்தே இதே முறைதான். மாறுதிசை மின்னோட்டம் உலோகத்தை அந்த அளவுக்கு அரிப்பதில்லை. ஆனால் அது வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. மின்மாற்றியின் இரு சுருள்கள் போல, இரயில் மின்கம்பியும் அதற்கு இணையாக ஓடும் தொலைபேசிக் கம்பியும் செயல்பட்டு, தொலைபேசிக் கம்பியில் தூண்டு மின்னழுத்தம் தோன்றும். அது பேச்சில் இரைச்சலாகவும், சில நேரம் பணியாளருக்கு ஆபத்தாகவும் முடியும். அதனால் மின்மயமாகும் பாதைகளின் ஓரத்தில் உள்ள தொலைத்தொடர்புக் கம்பிகளை உறையிட்ட நிலத்தடி வடங்களாக மாற்றுவது வழக்கமாயிற்று. மின் தடங்களும் தொலைத்தொடர்புத் தடங்களும் ஒன்றையொன்று பாதிக்காமல் பார்த்துக்கொள்ள இந்தியாவில் தனி ஒருங்கிணைப்புக் குழுவே இயங்குகிறது.

பாடியும் ஆவடியும்: வாகனங்களின் வேறு வழி

1960களில் மேற்குப் புறநகர் வாகனத் தொழிலின் மையமாக வளர்ந்தது. 1961இல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற வாகன மின்கருவிகள் அதன் பாடி ஆலையில் உருவாயின. அதே ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் இதே பத்தாண்டில் உருவானது. வாகன உதிரிப் பாகங்கள், மின்மாற்றிகள், கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்யும் சிறு பட்டறைகள் அங்கே பெருகின.

வாகனங்களிலும் ஒரு காலத்தில் நேர்முனை தரையிணைப்பு இருந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது. 1930களின் நடுவிலிருந்து 1960கள் வரை பிரித்தானியக் கார்களில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. பேட்டரி முனைகளின் அரிப்பு குறையும், தீப்பொறிப் பிளக்குக்கு நல்லது என்று அதற்குக் காரணங்கள் சொல்லப்பட்டன. 1960களில் சிலிக்கன் டையோடுகளோடு கூடிய ஆல்டர்னேட்டர் டைனமோவின் இடத்தைப் பிடித்தது. தொடக்ககால ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் நேர்முனை தரையிணைப்புக்கு இயல்பாகப் பொருந்தின. பின்னால் வந்த சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் எதிர்முனை தரையிணைப்புக்குப் பொருந்தின. மாறும் காலத்தில் விற்ற பல கார் வானொலிகளில் முனைமையை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. மாற்றாமல் பொருத்தினால் டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகும்.

கார்த்தொழில் சில ஆண்டுகளில் மாற முடிந்தது. தொலைபேசித் துறை மாறவில்லை. ஒரு கார் தனியான மின்சுற்று. புது மாதிரியில் முனையை மாற்றினால் பழைய கார்கள் பாதிக்கப்படா. தொலைபேசி வலையமைப்பில் ஒவ்வொரு கருவியும் மற்றவற்றோடு இணைந்திருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் மற்றதோடு பொருந்தாது. மேலும் கார் உடல் மண்ணைத் தொடுவதில்லை. தொலைபேசிக் கம்பி மண்ணிலேயே கிடக்கிறது. முதல் காரணம் இன்னும் உயிரோடு இருந்ததால் வழக்கமும் தொடர்ந்தது.

இரு மரபுகள் சந்திக்கும்போது

1995இல் சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் ஆகிய இரு நிறுவனங்கள் செல்பேசிச் சேவையைத் தொடங்கின. அதன்பின் வானொலிக் கருவிகள் இணைப்பகத்தை விட்டு மாடிகளுக்கும் கோபுரங்களுக்கும் பரவின. செல்பேசி நிலையத்தின் மின்வழங்கல், தொலைபேசித் துறையிலிருந்து வந்ததால் எதிர் 48 வோல்ட்டாகவே அமைந்தது. ஆனால் காவல்துறை, இராணுவம், அமெச்சூர் வானொலி ஆகியவற்றின் நடமாடும் கருவிகள் வாகனத்திலிருந்து வந்தவை. அவை 12 அல்லது 24 வோல்ட்டில், எதிர்முனை உடலோடு இணைந்த அமைப்பில் இயங்குபவை. இரண்டும் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தப்படும்போது கவனம் தேவை.

இரு மின்வழங்கல்களும் தனித்தனியாக இருந்தால் சிக்கலில்லை. சட்டம் சுழியம், ஒரு கம்பி அதற்கு மேல் 12 வோல்ட்டிலும் மற்றொன்று அதற்குக் கீழ் 48 வோல்ட்டிலும் இருக்கும். அந்த இரண்டுக்கும் இடையே 60 வோல்ட் வேறுபாடு உண்டு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தவறு நேர்வது, 48 வோல்ட் பேட்டரி அடுக்கில் ஆறு கலங்களிலிருந்து மட்டும் கம்பி எடுத்து 12 வோல்ட் கருவிக்குக் கொடுக்கும்போது. தரையோடு இணைந்த முனையிலிருந்து தொடங்கும் ஆறு கலங்களில், நேர்முனை ஏற்கெனவே சட்டத்தோடு இணைந்திருக்கிறது. கருவியின் எதிர்முனையோ அதன் உலோகப் பெட்டியோடு இணைந்தது. பெட்டியைச் சட்டத்தில் திருகியவுடன் ஆறு கலங்களும் குறுக்குச் சுற்றாகிவிடும். ஈய அமில அடுக்கு அப்போது ஆயிரக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்ச வல்லது. கம்பி உருகும்; தீப்பிடிக்கும். உள்ளீட்டையும் வெளியீட்டையும் மின்னியல் வழியில் பிரித்துவைக்கும் மாற்றி ஒன்றைப் பயன்படுத்துவதே சரியான முறை.

குறைந்த மின்னழுத்தம் தாக்காது என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. 48 வோல்ட் உலர்ந்த கையைத் தொட்டால் பெரும்பாலும் உணர்வே இருக்காது. ஆனால் கையிலுள்ள மோதிரமோ உலோகக் கடிகாரப் பட்டையோ இரு முனைகளையும் தொட்டால், அது நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைப் பொசுக்கிவிடும். பேட்டரி அறைக்குள் நகைகளைக் கழற்றிவிட்டுப் போவதும், காப்பிட்ட கைப்பிடியுள்ள ஸ்பானரைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

நிறமும் குழப்பம் தரும். வாகன மின்பணியாளருக்குச் சிவப்பு என்றால் ஆபத்தான கம்பி, கறுப்பு என்றால் உடலோடு இணைந்த கம்பி. செல்பேசி நிலையக் கருவிகள் பலவற்றில் நீலக் கம்பியே எதிர் 48. கறுப்பு திரும்பு கம்பி. திரும்பு கம்பி நேர்முனை. ஃபியூசும் சுற்றுத் துண்டிப்பானும் எப்போதும் தரையோடு இணையாத கம்பியில் இருக்க வேண்டும். ஆகவே காரில் அவை நேர்முனைக் கம்பியிலும், இங்கே எதிர்முனைக் கம்பியிலும் அமையும். நிறத்தை நம்பாமல் மல்ட்டிமீட்டரால் அளந்த பிறகே இணைப்பது பணியிட ஒழுக்கம்.

கோபுர உச்சியில் உள்ள வானொலி அலகுகளுக்குச் செல்லும் கம்பியில் மின்னழுத்த இழப்பும் கணக்கில் கொள்ளப்படும். 500 வாட் அலகு 48 வோல்ட்டில் சுமார் 10.4 ஆம்பியர் எடுக்கும். 40 மீட்டர் உயரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி போட்டால், போய்வரும் 80 மீட்டரின் தடை ஏறத்தாழ 0.23 ஓம். இழப்பு 2.4 வோல்ட். பேட்டரி 43 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தில், மேலே உள்ள அலகுக்கு 41 வோல்ட்டுக்கும் குறைவாகவே எட்டும். மின்வெட்டு நீளும்போது சில அலகுகள் முதலில் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தரை என்ற ஒரு சொல், நான்கு வேலைகள்

வானொலிக் கருவிகளில் 'எர்த்' நான்கு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, மேலே கண்ட நேர்த்திசை மின்வழங்கலின் சுழியப் புள்ளி. இரண்டாவது, 230 வோல்ட் மின்சாரம் கருவியின் உடலில் கசிந்தால் ஆளைக் காக்கும் பாதுகாப்பு இணைப்பு. மூன்றாவது, வானொலி அலைக்கான தரை. ஆவடியில் அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பி நிலையம் உண்டு. மத்திய அலை ஒலிபரப்பில் கோபுரமே அலைபரப்பி. அதைச் சுற்றி ஆரக்கால்கள் போல் மண்ணில் புதைக்கும் செம்புக்கம்பிகள் அதன் மறுபாதியாகச் செயல்படும். நான்காவது, இடிதாங்கி.

இந்த நான்கையும் தனித்தனிக் குழிகளில் ஒன்றோடொன்று இணைக்காமல் வைத்தால் 'தூய்மையான எர்த்' கிடைக்கும் என்ற எண்ணம் நீண்ட காலம் நிலவியது. இடி விழும்போது இது ஆபத்தாகிறது. 10,000 ஆம்பியர் மின்னோட்டம் 1 ஓம் தடையுள்ள குழிக்குள் இறங்கினால், ஓம் விதிப்படி அந்தக் குழியின் மின்னழுத்தம் 10,000 வோல்ட் உயரும். பக்கத்துக் குழி சுழியத்தில் நின்றால், இரண்டுக்கும் இடையே உள்ள கருவி அந்த 10,000 வோல்ட்டையும் தாங்க வேண்டிவரும். எல்லாத் தரையிணைப்புகளையும் ஒரே பட்டையில் சேர்த்துவிட்டால், எல்லாம் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்கும். மின்னழுத்தம் எவ்வளவு உயர்ந்தாலும் வேறுபாடு இல்லையென்றால் கருவிக்குச் சேதமில்லை. மின்கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாததும் இதே காரணத்தால்தான்.

தரைக்குழியின் தரம் மண்ணைப் பொறுத்தது. ஏரிப் படுகைக் களிமண் ஈரமாக இருக்கும்போது மின்சாரத்தை நன்கு கடத்தும். சித்திரை, வைகாசி மாதங்களில் அது வெடித்துக் காயும்போது தடை பல மடங்கு ஏறும். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு நீர் ஊற்றும் பழைய முறை ஈரத்தைத் தக்கவைப்பதற்காக ஏற்பட்டது. ஆனால் அதே உப்பு இரும்புக் குழாயை விரைவில் அரித்துவிடும். இந்தியாவில் தரையிணைப்புக்கான நடைமுறை விதிகளை ஐ.எஸ். 3043 என்ற தரநிலை வகுக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் அளந்து பார்த்து நிறைவடையாமல், கோடையிலும் அளக்க வேண்டும் என்பதே பணியாளர் அறிய வேண்டிய முதன்மைச் செய்தி.

மின்வெட்டும் வெள்ளமும்

முனைமையும் தரையிணைப்பும் வெறும் தொழில்நுட்ப நுணுக்கங்கள் அல்ல என்பதைச் சென்னை பலமுறை கண்டிருக்கிறது. 2008க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நீண்ட மின்வெட்டுகள் நிலவியபோது, செல்பேசிக் கோபுரங்கள் பேட்டரியையும் டீசல் மின்னாக்கியையும் நம்பியே இயங்கின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, டீசல் கொண்டுசெல்ல வழியில்லாமல், பல பகுதிகளில் தொலைத்தொடர்பு நின்றது. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலுக்குப் பிறகும் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில், ஓர் அடுக்குப் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதே உயிர்ப் பிரச்சினையானது.

இன்று வீடுகளுக்குக் கண்ணாடி இழை வந்துவிட்டது. கண்ணாடி அரிக்கப்படாது, மின்னலைக் கடத்தாது. ஆனால் அது மின்சாரத்தையும் கொண்டுவராது. பழைய செம்புக்கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகத்தின் பேட்டரி காவலாக நின்றது. இழை இணைப்பின் வீட்டுக்கருவிக்கு வீட்டு மின்சாரமே வேண்டும். மின்வெட்டில் அது நின்றுவிடும். அதற்காக வாங்கும் சிறு யு.பி.எஸ். கருவியிலும் முனைமை உண்டு. செருகியின் நடுமுனை நேரா எதிரா என்பதைக் காட்டும் சிறு வட்டக்குறி, ரவுட்டரிலும் யு.பி.எஸ்ஸிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தே இணைக்க வேண்டும்.

48இன் மறுவாழ்வு

அரிப்பைத் தடுக்கப் பிறந்த ஏற்பாடு, அந்தக் காரணம் மங்கிய பிறகும் புதிய பயன்களைக் கண்டிருக்கிறது. 2003இல் வகுக்கப்பட்ட தரநிலையின்படி, கணினி வலையமைப்புக் கம்பி வழியாகவே கண்காணிப்புக் கேமராக்களுக்கும் மேசைத் தொலைபேசிகளுக்கும் மின்சாரம் தருவது ஏறத்தாழ 48 வோல்ட்டில்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலம் ஒன்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட், 15 கலங்கள் சேர்ந்தால் சரியாக 48. அதனால் கோபுரங்களில் ஈயப் பேட்டரிகளின் இடத்தில் அவற்றை வைக்க முடிகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர், சூரிய மின்சாரத்தை மாறுதிசையாக மாற்றாமல் 48 வோல்ட் நேர்த்திசையாகவே வீட்டு விளக்கு, மின்விசிறிகளுக்குக் கொடுக்கும் அமைப்பை உருவாக்கினர். மின்கம்பி எட்டாத இராஜஸ்தான் குடியிருப்புகளில் அது பொருத்தப்பட்டது.

பூந்தமல்லிச் சாலையோரத்தில் ஒரு செல்பேசிக் கோபுரத்தின் அடியில் உள்ள பெட்டியைத் திறந்தால், தடித்த செம்புப் பட்டை ஒன்றில் பேட்டரியின் நேர்முனையும், கோபுரத்தின் இரும்பும், கருவிகளின் உடலும் ஒன்றாகத் திருகப்பட்டிருப்பதைக் காணலாம். அருகே நிற்கும் பேருந்திலோ, உடலோடு திருகப்பட்டிருப்பது எதிர்முனை. இரண்டும் அவரவர் வரலாற்றின்படி சரியானவையே. எது எங்கே என்று அறிந்து, அளந்து பார்த்துக் கைவைப்பவரே பணியிலிருந்து பத்திரமாக வீடு திரும்புவார்.